கடைசி சில மில்லிகிராம்கள்: மனச்சோர்வு மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்துவது பற்றி

சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஆறு ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மனம் தேறி நெடுநாளாகிவிட்டது. வேலை, குடும்பம், உறக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. இனியும் மாத்திரை எதற்கு என்று அவருக்குத் தோன்றுகிறது. பாதி மாத்திரை இரண்டு வாரம், கால் மாத்திரை இரண்டு வாரம், அதன்பின் நிறுத்தம் என்று தாமே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார். பாதி மாத்திரையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கால் மாத்திரையில் உறக்கம் கலைகிறது, அற்பக் காரணங்களுக்குக் கோபம் வருகிறது. அடியோடு நிறுத்திய நான்காம் நாள், சாலையைக் கடப்பதற்காகக் கண்ணை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பும் நொடியில், தலைக்குள் மின்சாரம் ஒரு கணம் அறுந்து மீண்டும் வந்ததுபோல் ஒரு வெட்டு. அன்றிரவு காரணமில்லாத அழுகை. ஒரு வாரத்துக்குள் தலைசுற்றல், குமட்டல், நெஞ்சுப் படபடப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டிப் பழைய அளவுக்கே போய்விடுகிறார். இரண்டே நாளில் எல்லாம் அடங்கிவிடுகிறது. மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டதே, அப்படியானால் இது இல்லாமல் நம்மால் வாழவே முடியாது போலும் என்று அவரும் நம்புகிறார், வீட்டாரும் நம்புகிறார்கள்.

அவர் இரண்டு இடங்களில் ஏமாந்துபோனார். அவருக்கு வந்தது பெரும்பாலும் நோய் அல்ல. மருந்து விலகியதால் உடம்பு காட்டிய எதிர்வினை. அதை விலகல் அறிகுறிகள் என்போம். இரண்டாவது ஏமாற்றம் கணக்கில் நேர்ந்தது. 20, 10, 5, பூஜ்யம் என்று இறங்குவது பார்வைக்கு நியாயமான கணக்குத்தான்; ஆனால் மூளை அந்தக் கணக்கில் இயங்குவதில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் பேசப்போவது இவ்விரண்டைப் பற்றியே.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையைக் குறைப்பதா, எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் மருந்து எழுதிக்கொடுக்கும் மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். எந்த மருத்துவக் கட்டுரையிலும் ஒட்டிக்கொண்டு வரும் சம்பிரதாய வரி இது என்று எண்ண வேண்டாம். அளவுகடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர், கருவுற்றிருப்பவர், முன்பு தற்கொலைக்கு முயன்றவர், வலிப்புக்கும் மனநலத்துக்குமாகப் பல மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடுபவர் ஆகியோருக்குக் கணக்கே மாறிவிடும். தேறியவுடன் நிறுத்துவதும் சரியல்ல: முதல் முறையாக மனச்சோர்வு வந்தவர் நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும் என்றும், பலமுறை வந்து போனவர் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்வது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. சிலருக்கு நிறுத்தாமல் இருப்பதே நல்ல முடிவாக அமையும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழகிப்போன மூளை

மனச்சோர்வு மாத்திரைகளில் அதிகம் எழுதிக்கொடுக்கப்படுபவை எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையைச் சேர்ந்தவை. ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின், சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம், பராக்ஸெட்டின் ஆகியவை இந்தக் குடும்பம். ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்பச் செரோடோனின் என்ற வேதிப்பொருளை இடைவெளியில் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அனுப்பிய அணுவே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் வேலையைச் செய்வது கடத்திகள் என்னும் புரதங்கள். மாத்திரை இந்தக் கடத்திகளில் போய் உட்கார்ந்து அடைத்துவிடுவதால் செரோடோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகிறது. வென்லஃபாக்ஸின், டியூலாக்ஸெட்டின் போன்றவை செரோடோனினோடு நார்அட்ரினலின் என்ற இன்னொரு வேதிப்பொருளையும் இப்படித் தங்கவைக்கின்றன.

மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இந்த நிலை நீடிக்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. எங்கும் செரோடோனின் கூடுதலாக இருக்கிறதே என்று, அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்தும் இன்னும் பல இடங்களில் திருத்தம் செய்தும் ஒரு புதிய சமநிலைக்கு வந்துவிடுகிறது. மருந்து உடம்பை விட்டு வெளியேறப் பெரும்பாலும் சில நாட்கள் போதும். மூளை செய்துவைத்த திருத்தங்கள் பழையபடி மாற வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்களும் ஆகலாம். இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் மாட்டிக்கொள்வதுதான் விலகல் அறிகுறி. மெல்லக் குறைப்பது என்பது, மருந்து வெளியேறும் வேகத்தை மூளை திருந்தும் வேகத்துக்கு இணையாக இழுத்துப்பிடிப்பது. அதைத் தவிர அதில் வேறு மந்திரம் கிடையாது.

அப்படியானால் இது போதை மருந்தா என்ற கேள்வி உடனே எழும். இல்லை. போதைக்கு அடிமையானவரிடம் காணப்படும் வெறித்தனமான வேட்கை, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம், அதற்காக எதையும் இழக்கத் துணிவது ஆகிய எதுவும் இங்கே இல்லை. உடம்பு பழகிப்போவது வேறு, மனிதர் அடிமையாவது வேறு. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளையும், நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டையும் கூடத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அவற்றைச் சாப்பிடுபவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. ஆனால் "அடிமைத்தனம் இல்லை" என்பதை "நிறுத்தினால் ஒன்றும் ஆகாது" என்று மருத்துவர்களே பல ஆண்டுகளாகப் பொருள்கொண்டு வந்ததால், நோயாளிகள் பட்ட பாட்டுக்கு அளவில்லை. இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தை நிறுத்தியபோது விலகல் அறிகுறிகள் வந்ததை 1959-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். இருந்தும் 1990-களில் "விலகல்" என்ற சொல்லைத் தவிர்த்து, "நிறுத்துவதால் வரும் அறிகுறித் தொகுப்பு" என்ற மழுப்பலான பெயர் புழக்கத்துக்கு வந்தது. பிரிட்டனின் ராயல் மனநல மருத்துவர்கள் கல்லூரி, விலகல் சிலருக்குக் கடுமையாகவும் நெடுநாள் நீடிப்பதாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகத் தன் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டது 2019-இல்தான்.

என்னென்ன வரும், யாருக்கு வரும்

காய்ச்சல் வரப்போவதுபோல் உடம்பு வலி, வியர்வை, குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், உறக்கமின்மை, விடியும்வரை துரத்தும் தெளிவான கனவுகள், எரிச்சல், பதற்றம், அழுகை ஆகியவை பொதுவானவை. இவற்றில் எதையும் வேறு பத்துக் காரணங்களால் விளக்கிவிடலாம். விலகலுக்கே உரிய முத்திரை என்று சொல்லத்தக்கது தலைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வு. அனுபவித்தவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால், ஓடும் படத்தில் இரண்டு மூன்று சட்டங்களை யாரோ கத்தரித்து எடுத்துவிட்டதுபோல் பார்வையும் உணர்வும் ஒரு கணம் தாவும்; கூடவே காதுக்குள் "சிர்ர்" என்ற ஒலி; சிலருக்கு அது உதடு வரைக்கும் விரல்நுனி வரைக்கும் இறங்கும். அரை நொடியில் போய்விடும், பிறகு இருபது முறை வரும். அச்சமூட்டுவதாக இருந்தாலும் இது மூளையைச் சேதப்படுத்துவதாகச் சான்று எதுவும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் வண்டி ஓட்டுவது வேறு விஷயம். அதைத் தவிர்ப்பதே நல்லது.

எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை. 79 ஆய்வுகளில் இருந்த சுமார் 21,000 பேரின் தரவுகளைத் திரட்டி 2024-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் இருந்தன. ஒப்பிடுவதற்காகத் தரப்படும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினர் அதே போன்ற அறிகுறிகளைச் சொன்னார்கள் என்பதால், மருந்து விலகியதால் மட்டும் வருவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கடுமையான அறிகுறிகள் 35 பேரில் ஒருவருக்கு. இந்த எண்கள் ஆறுதல் தருபவைதான். ஆனால் அந்த ஆய்வுகளில் பல, சில மாதங்களே மருந்து சாப்பிட்டவர்களைப் பார்த்தவை. ஐந்து, பத்து ஆண்டுகள் சாப்பிட்டவருக்கு அதே எண்ணைச் சொல்லி "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று அனுப்பிவிடுவது நேர்மையாகாது என்பது என் எண்ணம். நெடுநாள் சாப்பிட்டவர், அதிக அளவில் சாப்பிட்டவர், முன்பு ஒருமுறை நிறுத்த முயன்று துன்பப்பட்டவர் ஆகியோர் கூடுதல் எச்சரிக்கையோடு தொடங்க வேண்டும். ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டால் மறுநாளே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறதா? அதுவும் ஒரு முன்னறிவிப்பு.

எந்த மருந்து என்பதும் முக்கியம். இரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். வென்லஃபாக்ஸினுக்கு அது சுமார் 5 மணி நேரம். உடம்பில் அது மாறி உருவாகும் துணைப்பொருளுக்கு 11 மணி நேரம். பராக்ஸெட்டினுக்கு ஏறத்தாழ ஒரு நாள், சிட்டலோப்ராமுக்கு ஒன்றரை நாள். ஃப்ளூவாக்ஸெட்டினுக்கோ நாட்கணக்கில், அதன் துணைப்பொருளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே வென்லஃபாக்ஸினையும் பராக்ஸெட்டினையும் நிறுத்துவது கடினம் என்று பெயரெடுத்திருப்பதிலும், ஃப்ளூவாக்ஸெட்டின் தானே மெல்லக் கரைந்து வெளியேறுவதால் சுலபம் என்று பெயரெடுத்திருப்பதிலும் வியப்பில்லை. ஆனால் ஃப்ளூவாக்ஸெட்டின் சாப்பிட்டவருக்கு அறிகுறிகள் சில வாரம் கழித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது வரக்கூடும்; அந்தத் தாமதமே அதை நோய் என்று தவறாக நினைக்க வைக்கும்.

கீழே போகப்போக உயரமாகும் படிகள்

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். நூறு நாற்காலிகள் உள்ள ஒரு கூடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலில் வரும் இருபது பேருக்கும் வந்தவுடன் இடம் கிடைத்துவிடும். எண்பது நாற்காலிகள் நிறைந்த பிறகு வருபவர்களில் பெரும்பாலோர் இடம் தேடி நடைபாதையில் அலைவார்கள். இன்னும் ஐந்து நாற்காலிகளை நிரப்புவதற்குப் பெருங்கூட்டமே உள்ளே வர வேண்டியிருக்கும். மாத்திரைக்கும் கடத்திகளுக்கும் இடையே நடப்பதும் இதுதான். தொடக்கத்தில் மிகச் சிறிய அளவே ஏராளமான கடத்திகளை அடைத்துவிடுகிறது. பிறகு எவ்வளவு கூட்டினாலும் கொஞ்சம்தான் ஏறுகிறது.

மூளையைப் பெட் ஸ்கேன் எடுத்து, எந்த அளவில் எத்தனை விழுக்காடு கடத்திகள் அடைபடுகின்றன என்று அளந்திருக்கிறார்கள். அந்த அளவீடுகளை வைத்து மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019-இல் லான்செட் சைக்கியாட்ரியில் எழுதிய கட்டுரை, மருந்துக் குறைப்பைப் பற்றிய பேச்சையே திசைதிருப்பிவிட்டது. சிட்டலோப்ராம் 60 மி.கி. சாப்பிட்டால் சுமார் 88 விழுக்காடு கடத்திகள் அடைபடுகின்றன. அதில் மூன்றில் ஒரு பங்கான 20 மில்லிகிராமிலும் 80 விழுக்காடு அடைபடுகின்றன. 9 மில்லிகிராமில் 70, ஐந்தரை மில்லிகிராமில் 60, மூன்றரையில் 50, 2.3-இல் 40, ஒன்றரையில் 30, 0.8-இல் 20. வெறும் 0.37 மில்லிகிராமில், அதாவது நம் நண்பர் உடைத்த கால் மாத்திரையில் பதினான்கில் ஒரு பங்கு அளவுள்ள துணுக்கில், இன்னும் 10 விழுக்காடு கடத்திகள் அடைபட்டே இருக்கின்றன.

இப்போது அவருடைய கணக்கை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள். 20-இலிருந்து 10-க்கு இறங்கியபோது மூளை இழந்தது பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே ஒன்றும் தெரியவில்லை. 10-இலிருந்து 5-க்கு இறங்கியபோது இன்னொரு பத்துப் பன்னிரண்டு. 5-இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியபோது ஏறக்குறைய அறுபது விழுக்காடு ஒரே நாளில் காலின் கீழிருந்து உருவப்பட்டுவிட்டது. மேலே இருந்த படிகளெல்லாம் சாண் உயரம், கடைசிப் படி மட்டும் ஆள் உயரம். மாத்திரையின் எடையைச் சமமாகக் குறைப்பதற்குப் பதிலாக, அது மூளையில் செய்யும் வேலையைச் சமமாகக் குறைக்க வேண்டும் என்றால், அளவு சிறுத்துக்கொண்டே போகப் போக வெட்டும் துண்டும் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். மற்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளிலும் எண்கள் மாறினாலும் வளைகோட்டின் வடிவம் இதுவேதான்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவரும் எளிய வழி, ஒவ்வொரு முறையும் முதலில் சாப்பிட்ட அளவில் இத்தனை பங்கு என்று குறைக்காமல், கடைசியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அளவில் இத்தனை பங்கு என்று குறைப்பது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டியும் முந்தைய அளவில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்கிறது. எடுத்துக்காட்டாகத் தொடக்கத்தில் பாதி, அளவு சிறியதான பின் கால் பங்கு. நெடுநாள் சாப்பிட்டவர்கள் பலர், அதிலும் ஒருமுறை சூடுபட்டவர்கள், மாதம் பத்து விழுக்காடு என்ற இன்னும் மெதுவான வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 20 மில்லிகிராமில் தொடங்கி மாதம் பத்து விழுக்காடு குறைத்தால் ஓராண்டு முடிவில் ஐந்தரை மில்லிகிராமில்தான் நிற்பீர்கள். கால் பங்கு வீதம் குறைத்தால் பத்துப் படிகளில் சுமார் 1.1-க்கு வந்துவிடலாம். எது சரி என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரு படி இறங்கி, அறிகுறிகள் வந்து அடங்கும் வரை பார்த்து, உடம்பு சொல்வதைக் கேட்டு அடுத்த படியின் உயரத்தை முடிவுசெய்வதே சரியான வேகம். நாட்காட்டியைப் பார்த்து இறங்குவது ஆகாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடு என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஃப்ளூவாக்ஸெட்டின் தவிர மற்றவற்றுக்கு அது நல்ல யோசனை அல்ல. அரை ஆயுள் ஒரு நாளாக உள்ள ஒரு மருந்தை ஒருநாள் விட்டுச் சாப்பிட்டால், இரண்டாம் நாள் முடிவில் இரத்தத்தில் அது உச்சத்தின் கால் பங்காகக் குறைந்து, மறுநாள் மீண்டும் துள்ளி ஏறும். மூளைக்கு அது படிக்கட்டாகத் தெரியாது, ஊஞ்சலாகத்தான் தெரியும்.

சிரிஞ்சும் பாட்டிலும்

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடைகளில் 0.8 மி.கி. மாத்திரை கிடைப்பதில்லை. கத்தியாலோ மாத்திரை வெட்டியாலோ கால் பங்கு வரை ஓரளவு ஒழுங்காக வெட்டலாம். அதற்குக் கீழே துண்டுகள் நொறுங்கிப்போகும், இன்றைய துண்டும் நாளைய துண்டும் ஒரே எடையில் இருக்காது. இங்கே கைகொடுப்பது திரவ மருந்து. சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின், பராக்ஸெட்டின் ஆகியவை பல நாடுகளில் திரவமாகவும் கிடைக்கின்றன. ஒரு மில்லிலிட்டரில் 2 மி.கி. உள்ள சிட்டலோப்ராம் திரவம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசியில்லாத ஒரு மில்லிலிட்டர் வாய்வழிச் சிரிஞ்சில் 0.4 என்ற கோடு வரை இழுத்தால் 0.8 மி.கி.; 0.2 வரை இழுத்தால் 0.4 மி.கி. பாட்டிலின் வாயில் சிரிஞ்சைப் பொருத்தித் தலைகீழாகக் கவிழ்த்து, மெல்ல இழுத்து, காற்றுக் குமிழி இருந்தால் விரலால் தட்டி மேலேற்றி வெளித்தள்ளி, மீண்டும் கோட்டைச் சரிபார்க்க வேண்டும். கண் மட்டத்தில் பிடித்துப் பார்ப்பது அவசியம். இவ்வளவு சிறிய அளவில் ஒரு குமிழிகூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு மாறும் என்பதை மட்டும் ஒருபோதும் மறக்கக் கூடாது. சிட்டலோப்ராம் சொட்டு மருந்தாகவும் வருகிறது. அதன் செறிவு பல மடங்கு அதிகம், உடம்பில் சேரும் விகிதமும் வேறு: சொட்டில் 8 மி.கி. என்பது மாத்திரையில் 10 மில்லிகிராமுக்குச் சமம். புதிய பாட்டில் வாங்கும்போதெல்லாம் மருந்தாளுநரிடம் ஒருமுறை கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்வதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

எல்லா மருந்தையும் உடைக்கவும் கரைக்கவும் கூடாது. மெல்ல வெளியாகும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாளுக்கான மருந்து முழுவதும் ஒரே மூச்சில் இறங்கிவிடும். டியூலாக்ஸெட்டின் மணிகள் மேல் உள்ள பூச்சு, வயிற்று அமிலம் மருந்தைச் சிதைத்துவிடாமல் காப்பது; அந்த மணிகளை நசுக்கக் கூடாது. இத்தகைய காப்ஸ்யூலைத் திறந்து மணிகளை எண்ணிக் குறைப்பவர்கள் உண்டு என்றாலும், அதைத் தாமாகத் தொடங்காமல் மருத்துவரையும் மருந்தாளுநரையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நெதர்லாந்தில் நாளுக்கு நாள் அளவு குறைந்துகொண்டே போகும்படி சிறு உறைகளைச் சங்கிலியாக இணைத்து விற்கிறார்கள்; எங்கும் இப்படிக் கிடைத்தால் சிரிஞ்சுக்கே வேலையிருக்காது. திரவமும் கிடைக்காது, குறுகிய அரை ஆயுள் மருந்தில் இறங்கவும் முடியவில்லை என்னும் நிலையில், மருத்துவர் ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு மாற்றி அதிலிருந்து குறைப்பதும் உண்டு. அது சிலருக்கு ஒத்துவரும், சிலருக்கு வராது.

நோயா, விலகலா

இந்தக் கேள்விக்குத் தவறான விடை சொல்லிக்கொண்டுதான் பலர் ஆயுள் முழுக்க மாத்திரையில் தங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் உண்மையிலேயே திரும்பிய நோயை விலகல் என்று தள்ளிவிட்டு ஆபத்தில் விழுகிறார்கள். ஆகவே நிதானமாகப் பார்க்க வேண்டும். விலகல் பெரும்பாலும் அளவு குறைந்த சில நாட்களில் தொடங்கும். நோய் திரும்புவது வழக்கமாக வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொண்டு படிப்படியாக நடக்கும். விலகலில் முன்பு எப்போதும் இல்லாத உடல் அறிகுறிகள் கலந்து வரும். மனச்சோர்வு யாருக்கும் தலைக்குள் ஷாக் அடித்துக் காட்டுவதில்லை. விலகல் அலை அலையாக வரும்: இரண்டு நாள் மோசம், அரை நாள் தெளிவு, மீண்டும் மோசம். பழைய அளவுக்குத் திரும்பினால் ஓரிரு நாட்களில் தணிந்துவிடும். நோயைத் தணிக்க அதே மாத்திரைக்கு வாரக்கணக்கில் ஆகும். நம் நண்பர் இரண்டே நாளில் தேறியது நோய்க்கான சாட்சி அல்ல, விலகலுக்கான சாட்சி.

அதற்காக நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இங்கிலாந்தில் நெடுநாள் மருந்து சாப்பிட்டு நலமாக இருந்த 478 பேரை வைத்து நடத்தி 2021-இல் வெளியான ஆன்ட்லர் ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கும், நிறுத்தியவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது. இதை இரு பக்கமும் படிக்கலாம். நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. நிறுத்தியவர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் ஓராண்டு வரை நலமாகவே இருந்தார்கள் என்பதும் உண்மை. அந்த ஆய்வில் மருந்தைக் குறைத்தது சுமார் இரண்டு மாதங்களில் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். மருந்து இருந்த இடத்தில் வேறு தாங்கல் ஒன்றை வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தது 2015-இல் வெளியான ப்ரிவென்ட் ஆய்வு. 424 பேரில் ஒரு பாதியினர் மனக்கவனப் பயிற்சி சார்ந்த உளச்சிகிச்சையோடு மருந்தைக் குறைத்தார்கள், மறுபாதியினர் மருந்தைத் தொடர்ந்தார்கள்; இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது முறையே 44, 47 விழுக்காட்டினருக்கு. பெரிய வேறுபாடு இல்லை. மாத்திரையைக் குறைக்கத் தொடங்கும் முன்பே உளச்சிகிச்சையைத் தொடங்கிவிடுவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

இறங்கும் நாட்களில்

வேலை மாற்றம், வீடு மாற்றம், துக்கம், தேர்வு என்று வாழ்க்கை குலுங்கும் நாட்களில் ஒரு படியும் இறங்க வேண்டாம். ஒரு குறிப்பேட்டில் தேதி, அளவு, உறக்க நேரம், அன்றைய அறிகுறிகள் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதிவைப்பது மிகப் பெரிய உதவி; விலகலில் இருக்கும் மனம் "நான் என்றுமே இப்படித்தான் இருந்தேன்" என்று சாதிக்கும், மூன்று வாரம் முன்பு எழுதிய வரி இல்லை என்று காட்டும். மதுவைத் தவிர்க்க வேண்டும். அது உறக்கத்தையும் மனநிலையையும் இன்னும் குலைக்கும். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். "இந்த மாதம் நான் கொஞ்சம் சிடுசிடுப்பேன், அதற்குக் காரணம் நீ அல்ல" என்று முன்பே சொல்லிவைத்தால் பாதிச் சண்டை குறையும்.

அறிகுறிகள் தாங்கும்படி இருந்தால் அதே அளவில் நின்று பொறுத்திருக்கலாம். பலருக்கு ஓரிரு வாரத்தில் தணியும். தாங்க முடியாவிட்டால் முந்தைய படிக்கு ஏறி, நிலைத்த பிறகு இன்னும் சிறிய படியாக இறங்கலாம். ஏறுவது தோல்வி அல்ல. ஆனால் சில அறிகுறிகளோடு வீட்டில் காத்திருக்கவே கூடாது: உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம், தோலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் ஓயாது நடக்கவைக்கும் தாங்கொணாத அமைதியின்மை, உறக்கமே இல்லாமல் பல நாள் கட்டுக்கடங்காத உற்சாகம், குழப்பம், வலிப்பு. இவை வந்தால் அன்றே, அப்போதே மருத்துவ உதவி தேவை.

முதல் பத்தியில் சாலையைக் கடந்த நண்பர் ஓராண்டு கழித்து, இம்முறை மருத்துவரோடு பேசி, மீண்டும் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 15, 10, 7, 5 வரை மாத்திரையும் திரவமுமாக நான்கு வாரத்துக்கு ஒரு படி. பிறகு திரவம் மட்டும்: 3.5, 2.5. இரண்டரையில் இரவுக் கனவுகளும் அந்த மின்வெட்டும் லேசாகத் தலைகாட்டவே, நான்கு வாரத்துக்குப் பதில் பத்து வாரம் அதே படியில் நிற்கிறார். குறிப்பேட்டில் அந்தப் பத்து வாரமும் "2.5, 2.5, 2.5" என்று சலிப்பூட்டும்படி ஒரே எண். அதன்பின் 1.5, 0.8, 0.4. கடைசி மாதம் சிரிஞ்சில் அவர் இழுப்பது சில சொட்டு அளவுதான். இதைச் சாப்பிட்டு என்ன ஆகிவிடப் போகிறது என்று இரண்டொரு முறை தோன்றினாலும், அந்தச் சில சொட்டுகள் தாங்கிக்கொண்டிருக்கும் பத்து விழுக்காட்டை நினைத்துக் கோட்டைச் சரிபார்த்துக் குடித்துவிடுகிறார். பத்து மாதம் ஆகிவிட்டது. நிறுத்திய இரண்டாம் வாரத்தில் மாடிப்படி இறங்கும்போது இரண்டு முறை தலைக்குள் வெட்டியது என்றும், உறக்கம் ஆறரை மணி நேரம் என்றும் எழுதியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி அதே பக்கத்தின் ஓரத்தில் வட்டமிட்டுக் குறிக்கப்பட்டிருக்கிறது.